எழுதாத ஆண்டுகள்: மலையகப் புனைகதையின் மௌனமும் அதன் முறிவும்

இலக்கிய வரலாறு எழுதப்பட்டவற்றைக் கொண்டே எழுதப்படுகிறது. எழுதப்படாதவற்றுக்கு அதில் இடமில்லை. ஓர் எழுத்தாளன் பத்தாண்டுகள் பேனாவைத் தொடாதிருந்தால், வரலாற்றாசிரியன் அப்பத்தாண்டுகளை ஒரு வரியிற் கடந்து அடுத்த நூலுக்குச் சென்றுவிடுகிறான். ஒரு சமூகமே ஒரு நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்டக் கதை எழுதாதிருந்தால் அதனை ஒரு முன்னுரைப் பத்தியிலே அடக்கிவிடுகிறான். எனினும், எழுத இயலாமை என்பதும் காரண காரியத் தொடர்புடைய ஒரு வரலாற்று நிகழ்ச்சியே. எழுத்து எவ்வாறு பிறந்தது என்று வினவும் அதே கண்டிப்புடன், எழுத்து ஏன் நின்றது, நின்றது எவ்வாறு மீண்டும் தொடங்கிற்று என்றும் வினவுதல் வேண்டும்.

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை தெல்தெனியாவைக் கடந்து மலையேறும் இடத்தில் ஹுன்னஸ்கிரிய அமைந்துள்ளது. கீழே விக்டோரியா நீர்த்தேக்கம். அதனடியில் பழைய தெல்தெனியா நகரம். மேலே, ஆங்கிலேயர் மூடிய கையின் விரல் முட்டிகளை நினைந்து நக்கிள்ஸ் எனப் பெயரிட்டதும், சிங்கள மக்கள் தும்பறை மலைத்தொடர் என வழங்குவதுமான மலைகள். இச்சரிவுகள் முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும், காட்டு நிழலில் ஏலத்தையும் தந்தன. இம்மலைத்தொடரின் மறுபக்கம் மாத்தளை. மலையகச் சிறுகதை பற்றிய நூல்களிற் பதுளை, பூண்டுலோயா, மாத்தளை ஆகிய பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. மலையின் இப்பக்கத்துப் பெயர்கள் அவ்வளவாக எதிர்ப்படுவதில்லை. ஒரே மழை, ஒரே கொழுந்து, ஒரே லயம். ஆயினும் ஒருபுறம் கதையும் மறுபுறம் மௌனமும் இருப்பது எதனால் என்ற வினா இக்கட்டுரையின் பின்னணியில் நிற்பது.

மேனாட்டார் எழுத்து முடக்கத்தை ஒரு மனநோயாகக் கண்டனர். எட்மண்ட் பெர்க்லர் என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1947இல் அதற்கு ஒரு பெயரும் சூட்டி, அதன் வேரைக் குழந்தைப் பருவத்தில் தேடினார். தமிழிலும் தனிமனித மௌனங்கள் இல்லாமலில்லை. 1930களின் பிற்பகுதியில் மணிக்கொடியில் எழுதிய மௌனி பின்னர் நீண்ட இடைவெளிகளுக்கிடையிலேயே கதை தந்தார். வாழ்நாள் முழுவதிலும் அவர் எழுதியவை இரண்டு டசின் கதைகளே. 1966இல் ஒரு புளியமரத்தின் கதை நூலாக வெளிவந்த பின் சில ஆண்டுகள் எழுதாதிருந்த சுந்தர ராமசாமி, 1970களின் முற்பகுதியில் மீண்டபோது வேறொரு மொழியுடனேயே மீண்டார். இவை நடையைப் பற்றிய, நம்பிக்கையைப் பற்றிய நெருக்கடிகள். இவ்வெழுத்தாளர்க்கு வீடு இருந்தது, மேசை இருந்தது, எழுதாதபோதும் அவர்கள் எழுத்தாளர் என்றே அறியப்பட்டனர்.

அமெரிக்காவின் தில்லி ஓல்சன் என்னும் பெண்மணியின் கதை இதனின்றும் வேறானது. 1930களிலே சிறந்த தொடக்கம் கண்ட அவர், தொழிலும் பிள்ளை வளர்ப்பும் வறுமையும் சேர்ந்து அழுத்த இருபது ஆண்டுகள் வரை எழுதாதிருந்தார். 1961இல் அவருடைய சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. 1978இல் மௌனங்கள் என்னும் பொருளுடைய தலைப்பில் அவர் வெளியிட்ட நூல், எழுதாமைக்குக் காரணம் உள்ளத்தில் மட்டுமன்று, நேரத்திலும் கூலியிலும் வர்க்கத்திலும் உண்டு என்று நிறுவ முயன்றது. மலையகத்தின் மௌனத்தை விளக்குவதற்குப் பெர்க்லரை விட ஓல்சனே உகந்த துணை என்பதிற் தடையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களில் எழுதியவர் யார்? துரைமாரே எழுதினர். பி. டி. மில்லி என்னும் தோட்டத்துரை 1878இல் தம் முப்பதாண்டுக்கு முந்திய நினைவுகளை நூலாக்கினார். வேறு சிலரும் அவ்வாறே செய்தனர். பங்களாவில் விளக்கும் ஓய்வும் இருந்தன. தமிழில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 1869இல் கோப்பிக் கிருஷிக் கும்மி என்னும் நூலை வெளியிட்டார். கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்டதும் அதே ஆண்டிலே என்பது வரலாற்றின் ஒரு குறும்பு. ஆயினும் அந்நூல் கோப்பிச் செய்கையைத் தோட்ட நிருவாகத்தின் கண்கொண்டு பாடுவதேயன்றி, மலையிலே குனிந்து நின்றவனின் குரலன்று.

குனிந்து நின்றவன் ஊமையாயிருக்கவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் நையாண்டி செய்யும் பாட்டுகளும் லயங்களிலே பிறந்தன. மாசி மாதத்துக் காமன் கூத்து விடிய விடிய ஆடப்பட்டது. பொன்னர் சங்கர் கதை பாடப்பட்டது. எனவே இல்லாதிருந்தது கதை சொல்லும் ஆற்றலன்று. அதைத் தாளில் இறக்கும் வழியே. 'தோட்டக்காட்டானுக்கு எழுத வராது' என்று நகர்ப்புறத்தாரிற் சிலர் எண்ணிய காலமொன்றிருந்தது. அவ்வெண்ணம் ஓர் அறியாமை; அதுவும் அக்கறையற்ற அறியாமை.

வழியை அடைத்தவை யாவை என நோக்குமிடத்து, அவை மிகச் சாதாரணமானவையாகத் தோன்றும். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றிலே ஒரு குடும்பமே உறங்கியது, அடுப்பும் அங்கேதான். விடியுமுன் தப்புச் சத்தம். பிரட்டுக்களத்திற் பெயர் கொடுக்க வேண்டும். குறித்த நிறை எடுக்காவிடின் அரைப்பேர். மாலையில் திரும்பியபின் எரிவது ஒரு குப்பி விளக்கு. தோட்டப் பாடசாலையோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அப்பாடசாலைகளை அரசு கையேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். கடிதம் கூடத் தோட்டத்துக் காரியாலயத்தின் வழியாகவே லயத்துக்கு வந்தது. பத்திரிகை ஆசிரியரிடமிருந்து வரும் தபாலுறை எத்தனை கைகள் மாறி வரும் என்பதையும், கதையில் வரும் கணக்கப்பிள்ளை எந்தக் கணக்கப்பிள்ளை என்று யார் யார் கேட்பர் என்பதையும் எண்ணிப் பார்ப்பின், எழுதத் துணிந்தவனின் முதற்பகை வெற்றுத் தாளன்று என்பது புலனாகும். வேலை பறிபோனால் வீடும் பறிபோகும், லயம் தோட்டத்துக்குரியது.

இம்மௌனத்தை முதலில் உடைத்தவர் மலையிற் பிறந்தவரல்லர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். தொழிற்சங்கத் தலைவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கிய அவர் கதையையும் கைவிடவில்லை. மலையகத்தின் முதற் சிறுகதை எனப் பலராலும் கருதப்படும் திரு. இராமசாமி சேர்வையின் சரிதம் அவர் எழுதியதே. அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர். அதே காலத்திற் புதுமைப்பித்தன் இலங்கைக்கு வராமலே, 1935இல் மணிக்கொடியில் துன்பக்கேணியை எழுதினார். அக்கதையின் தோட்டம் பெரிதும் ஊகத்திற் பிறந்தது. விவரங்களிற் குறை காண்போர் காணலாம். ஆயினும் உள்ளே இருந்தவன் வாய் திறக்க முடியாதிருந்த வேளையில், வெளியே நின்ற ஒருவனின் ஆத்திரம் அவ்விடத்தை நிரப்பியது என்பதை மறுத்தல் நன்றியன்று.

உள்ளிருந்து எழுந்தவருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்தவர். எழுத்து முடக்கம் பற்றிய ஆராய்ச்சிக்கு அவருடைய வாழ்வு ஒரு நுட்பமான எடுத்துக்காட்டு. அவர் முதலில் ஆங்கிலத்திலேயே எழுதினார். விஸ்மாஜினி என்னும் ஆங்கிலக் கவிதை நாடகத்தை, 1934இல் இலங்கைக்கு வந்திருந்த தாகூரிடம் கையளித்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது. பின்னரும் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதைகள் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன. தோட்டத்திலே பிறந்த ஒருவர் தோட்டத்து மக்கள் வாசிக்க இயலாத மொழியிற் பேசியதேன்? ஆங்கிலத்தில் எழுதினால் துரையும் கொழும்பும் கேட்கும். தமிழில் எழுதினால் யார் கேட்பர் என்ற ஐயம் அக்காலக் கல்விமான்களுக்கு இருந்தது. அதனினும் ஆழமான ஒரு காரணமும் உண்டு. நூல்களிற் கற்ற தமிழ் லயத்துக்குப் பொருந்தவில்லை. லயத்துத் தமிழோ எழுத்துக்குரியதாக ஏற்கப்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நின்றவனுக்கு மூன்றாவது மொழியொன்று புகலிடமாயிற்று எனக் கொள்வதே பொருத்தம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிற் தெரிவாகிச் சி. வி. பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிலே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது அவரைத் தெரிவு செய்த மக்களுட் பெரும்பாலானோர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. ஒரு சமூகம் சட்டத்தின் கண்ணில் மறைந்துபோன இவ்வாண்டுகளில் புனைகதை எழுதுவது எவ்வகையில் இயலும்? 'இவன் யார், எவ்வூரான்' என்பது கதையின் முதல் வரியிலேயே எழும் வினா. அதற்கு விடை கூற அரசே மறுத்தது. 1950களின் மலையகத்திற் கதை அருகியே காணப்படுவதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறல் தகும்.

சி. வி. மீண்ட வழி குறிப்பிடத்தக்கது. அவர் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுக்கலானார். லயத்துத் தமிழ் எழுதத் தக்கது என்பதை அப்பாடல்களைக் காட்டிலும் உறுதியாக நிறுவுவது வேறில்லை. பிற்காலத்தில் வீடற்றவன், இனிப்பட மாட்டேன் ஆகிய நாவல்கள் தமிழிலே வெளிவந்தன. வீடற்றவன் நூலானது 1981இல். மலைநாட்டு மக்கள் பாடல் என்னும் தொகுதி 1983இல். இனிப்பட மாட்டேன் 1984இல். அவர் காலமானதும் 1984இலேயே. நாடகம் எழுதித் தாகூரிடம் நீட்டிய இளைஞன் தன் பாட்டியின் மொழிக்கு வந்துசேர அரைநூற்றாண்டு சென்றது.

மொழி பற்றிய இத்தடை சி. வி. ஒருவருக்கே உரியதன்று. 1960களின் முற்பகுதியில் ஈழத்திலே நடைபெற்ற மரபுப் போராட்டத்தில், பேச்சு வழக்கைக் கதையிற் கையாளுதல் இழிசனர் வழக்கை இலக்கியத்துட் புகுத்துவதாகும் எனப் பண்டிதர் சிலர் சாடினர். முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றனர். அப்போரிற் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் கிராமத்து வழக்கே பேசுபொருளாயிருந்ததெனினும், அதன் பயனை மலையகமும் பெற்றது. பேர், பிரட்டு, காம்பரா, கொழுந்து, கங்காணி என்னும் சொற்களை அடைப்புக்குறியோ மன்னிப்போ இன்றி எழுதலாம் என்ற துணிவு பிறந்தது.

அத்துணிவின் முதற் கனி என்.எஸ்.எம். இராமையா. வானொலி நாடகத்தின் வழியே எழுத்துக்கு வந்தவர் அவர். பேசும் குரலைக் காதாற் பிடித்துப் பழகியவனுக்குப் பண்டிதர் மொழியின் அச்சம் குறைவு. 1961இல் தினகரனில் வெளிவந்த ஒரு கூடைக் கொழுந்து, கொழுந்து மலையின் அன்றாடத்தையே கதைப்பொருளாக்கிற்று. பிரசங்கம் இல்லை, கண்ணீரை வேண்டிநிற்கும் வர்ணனை இல்லை. மலையகச் சிறுகதை வயதுக்கு வந்த நாள் அது எனக் கூறின் மிகையாகாது.

ஆயினும் அக்கதைக்கும், அதே தலைப்பிலமைந்த தொகுதிக்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன. இராமையா நிரம்ப எழுதியவரல்லர். அவருடைய எழுத்தின் அருமையைப் போற்றுவோர் அதனை அவருடைய தெரிவு எனக் கூறுவர்; செட்டாக எழுதியவர் என்பர். அது முழு உண்மையாகாது. கதை அச்சேறி, ஞாயிறு முடிந்து, பத்திரிகை கடையிற் பொட்டலமாக மாறியபின், அடுத்த கதையை எழுதுமாறு ஓர் எழுத்தாளனைத் தூண்டுவது யாது? நூல் வேண்டும், விமர்சனம் வேண்டும், 'அடுத்தது எங்கே' எனக் கேட்கும் வாசகன் வேண்டும். பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீட்டகம் 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் நாமிருக்கும் நாடேயையும், 1980இல் ஒரு கூடைக் கொழுந்தையும், 1981இல் சி. வி.யின் வீடற்றவனையும் கொணர்ந்தது. மூன்று ஆண்டு, மூன்று நூல். மலையகப் புனைகதை என ஒன்றுண்டு என்பதைக் கையில் எடுத்துக் காட்டுவதற்கு அவை போதுமானவையாயிருந்தன.

இதற்கு முன்னரே தடையைத் தளர்த்திய இன்னொரு கருவி சிறுகதைப் போட்டி. போட்டிகளை இகழ்வது இலக்கிய உலகின் வழக்கம். பரிசுக்கு எழுதுவது எழுத்தா என்று கேட்பர். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியுடன் சேர்ந்து 1960களில் நடத்திய போட்டிகளைப் பொறுத்தவரை அவ்வினா பொருந்தாது. தோட்டத்திலிருக்கும் ஓர் இளைஞனுக்கு அவை மூன்றைத் தந்தன: முடிவுத் திகதி, பக்க அளவு, வாசிக்கப்படுவோம் என்னும் உறுதி. எழுத்து முடக்கத்துக்கு இம்மூன்றையும் விடச் சிறந்த மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. வீரகேசரியில் தோட்ட மஞ்சரிப் பகுதியைக் கவனித்த எஸ். எம். கார்மேகத்தின் உழைப்பு இதிற் பெரிது. பரிசுக் கதைகள் 1971இல் கதைக்கனிகள் என்னும் நூலாயின. கண்டியிலும் மலைமுரசு, செய்தி முதலிய ஏடுகள் அக்காலத்திலே தோன்றிப் பலருடைய முதற் கதைக்கு இடமளித்தன. அவற்றின் ஆயுள் குறுகியது, பணி குறுகியதன்று.

பேராதனையிற் பல்கலைக்கழகம் இருந்ததே, அது யாது செய்தது என வினவலாம். 1960களின் முற்பகுதியில் அங்கு பயின்ற மாணவர் கதைப்பூங்கா போன்ற தொகுதிகளை வெளியிட்டு ஈழத்துச் சிறுகதைக்கு ஒரு புதுத்தலைமுறையைத் தந்தனர். ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர். பேராதனையிலிருந்து பார்த்தாலே தெரியும் மலைகளிலிருந்து அக்காலத்தில் வந்தவர் மிகச் சிலரே. தொலைவைக் கல்லால் அளப்பதுண்டு. வகுப்பறைகளால் அளப்பதும் உண்டு.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எழுதியோரும் எழுத இருந்தோரும் அவ்வெண்களுக்குள்ளே அடங்கினர். 1973–74இற் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் லயங்கள் எரிந்தன. வியப்பு யாதெனில், மலையகப் புனைகதை வளம் பெற்றதும் இதே காலப்பகுதியிலேயே. 1974இல் ஜோசப்பின் காலங்கள் சாவதில்லை வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. 1980இல் நக்கிள்ஸ் மலையின் மறுபுறத்து மாத்தளையிலிருந்து சோமு, வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரும் சேர்ந்து தோட்டக் காட்டினிலே என்னும் தொகுதியைத் தந்தனர். தனியே ஒரு நூல் போட முடியாத மூவர் சேர்ந்து ஒரு நூல் போட்டனர் என்பது சிறிய செய்தியன்று. மாத்தளையில் நண்பர் குழு இருந்தது. நகர்ப் பாடசாலைகள் இருந்தன. எழுதியதை மறுநாளே வாசித்துக் காட்ட ஓர் ஆள் இருந்தான். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குச் சென்று திரும்ப ஒரு நாட்பேர் போகும். மலையின் இருபக்கத்துக்குமிடையே காணப்படும் வேறுபாட்டின் ஒரு பகுதி இதனால் விளங்கும்.

துன்பம் எழுத்தைப் பிறப்பிக்கும் என்று கூறுவாருண்டு. அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. துன்பமே போதுமானதாயின் கோப்பிக் காலத்திலேயே மலையகத்தில் நூறு நாவல்கள் பிறந்திருக்கும். 1983ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டின் அழிவை நேரிற் கண்ட தலைமுறை அதனை உடனே கதையாக்கவில்லை. ஜோசப்பின் நாங்கள் பாவிகளாக இருக்கிறோம் அல்லது 1983 என்னும் நாவல் நூலுருப் பெற்றது பல ஆண்டுகளின் பின்னரே. அயலானின் முகத்தை, அவன் தீப்பந்தத்தோடு வந்ததையும் அவனே மறைத்துக் காத்ததையும் சேர்த்து எழுதுவதற்கு ஒரு மனிதனுக்குப் பல ஆண்டு ஆகுமாயின், அதனைத் தாமதம் என்பதா?

மௌனம் சில வேளைகளில் வெளியிலிருந்தும் ஏவப்படும். தமிழகத்திற் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கவிதைத் தொகுதியும், பின் ஒரு வெள்ளாட்டைப் பற்றிய நாவலும் வந்தன. மனிதரைப் பற்றி எழுத அஞ்சியவன் ஆட்டைப் பற்றி எழுதி மீள்வது ஒரு தந்திரம். லயத்துப் பெண்கள் கங்காணியைத் திட்ட வேண்டியபோது குருவியையும் காக்கையையும் திட்டிப் பாடியதும் அதே தந்திரமே. அவருக்கு நீதிமன்றம் இருந்தது. 1950களில் ஒரு தோட்டத்து இளைஞன் தன் கதைக்காக எந்நீதிமன்றத்தை நாடியிருப்பான்?

இன்று லயங்களிற் பாதியாயினும் மின்விளக்கைக் கண்டுவிட்டன. ஐந்தாம் வகுப்போடு கல்வி நிற்பதில்லை. தும்பறைச் சரிவுகளிலிருந்து பேராதனைக்கு மாணவர் வருகின்றனர். காமன் கூத்துப் பாட்டுகளை முழுமையாக அறிந்த முதியோர் அத்தோட்டங்களில் வருடாவருடம் குறைந்து வருகின்றனர். சி. வி. தம் தொகுதிக்காகச் செவிமடுத்த வகையான குரல்கள் ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலும் இன்னும் சில இருக்கின்றன. அவற்றைக் கேட்டெழுதுவதற்கு ஒரு குறிப்புப் புத்தகமும் விடுமுறை நாட்கள் சிலவும் போதும்.